பின்னால் ஓர் ஆண் குரல்

"ஹெட்ஃபோனைக் கழட்டுங்க அக்கா" என்றாள் ஷாமினி. "பரீட்சையில காதுல ஒண்ணும் இருக்கக் கூடாது."

"அது இல்லாம எப்படி மேடம்? ஃபாரத்துலயே எல்லாம் எழுதியிருந்தேனே."

"ஃபாரம் ஆபீஸ்ல இருக்கும். எனக்கு முகம் மட்டுந்தான் வரும். ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான் லா."

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் உட்கார்ந்திருந்த புஷ்பவல்லி அரை மனதோடு அதைக் கழற்றி வைத்தாள்.

மேரு என்ற ஊரில் தன் வீட்டு அறையிலிருந்து ஷாமினி அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆன்லைன் பரீட்சைக்குக் காவல் இருப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது முகம் பார்ப்பாள். அவள் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

இன்று திரையில் ஒன்பது கட்டங்கள், ஒன்பது பெண்கள். வேலையை விட்டு நின்றவர்களை மறுபடியும் கம்ப்யூட்டர் வேலைக்கு எடுக்கிற திட்டம். தேறினால் கம்பெனியில் இடம். மூன்று சிவப்புக் குறி விழுந்தால் ஆள் வெளியே. மறுபடி எழுத விடமாட்டார்கள்.

"ரூம் இருட்டா இருக்கு அக்கா. லைட்டைப் போடுங்க."

புஷ்பவல்லி எழுந்து போனாள். சுவிட்சு டிக்கென்றது. அதற்குள் டெங்கிலிலிருந்து எழுதும் சல்மாவின் கட்டத்தில் குழந்தை வீறிட, ஷாமினி அந்தப் பக்கம் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது புஷ்பவல்லி தன் இடத்தில் இருந்தாள். அவள் ஜன்னலுக்கு வெளியே பிற்பகல் மூன்று மணிக்கு வழக்கமாகப் பிடிக்கும் மழை. லேப்டாப் வெளிச்சத்தில் முகம் மட்டும் தெரிய, கட்டம் அப்படியே கறுத்துக் கிடந்தது. வெளிச்சம் போதாதென்று கம்ப்யூட்டரே முதல் சிவப்பைப் போட்டுவிட்டது.

"சொன்னாக் கேக்குதா பாரு" என்று ஷாமினி தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டாள்.

பரீட்சை தொடங்கிப் பத்து நிமிடத்தில் இரண்டாவது சிவப்பு. பார்வை திரையில் இல்லை.

"ஸ்க்ரீனைப் பாருங்க அக்கா! அங்க என்ன வேடிக்கை?"

"சாரி மேடம்." முகம் நேரே திரும்பியது. இரண்டு நிமிடம் போகவில்லை, மறுபடியும் ஜன்னல் பக்கம் சாய்ந்தது.

சந்தேகப்பட்டு அவளுடைய ஒலியை மட்டும் கூட்டி வைத்தாள் ஷாமினி.

ஆண் குரல்! கடகடவென்று, மூச்சு வாங்காமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், ஆங்கிலத்தில் பொரிந்துகொண்டிருந்தது. கேள்வி பதினான்கு என்றது மட்டும் அவளுக்குப் பிடிபட்டது.

ஷாமினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். போன மாதம் ஒருத்தியின் கணவன் மேசைக்கடியில் படுத்தபடி பதில் சொல்லிக் கொடுத்தான். காலில் தசை பிடித்து அவன் அலறியதால்தான் மாட்டினான்.

"யாரு அந்த ஆம்பளை?"

"அவரா? ராஜன்."

"புருஷனா?"

புஷ்பவல்லி சிரித்தாள். "புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருசமாச்சு மேடம். இப்ப வீட்ல பேசுறது இவரு ஒருத்தர்தான்."

"முதல்ல அவரை நிறுத்தச் சொல்லுங்க."

குரல் பாதிச் சொல்லில் நின்றது. புஷ்பவல்லியின் விரல்களும் நின்றன.

"ஏன் எழுதல?"

"அவரு படிச்சாத்தானே மேடம் நான் எழுதலாம்."

"அப்ப பரீட்சை எழுதுறதே அவருதான்!"

"ஐயோ இல்ல மேடம். படிக்கிறது மட்டுந்தான் அவரு, பதில் என்னோடது. அவருக்கு ஒரு பதிலும் தெரியாது, பாவம்."

ஷாமினிக்குச் சுரீரென்று கோபம் வந்தது. மூன்றாவது சிவப்பின்மேல் விரலைக் கொண்டுபோனாள். "பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கின இடம் அக்கா இது. இதுலயும் ஆம்பளை வந்து உட்கார்ந்தா எப்படி? மூணாவது சிவப்பைப் போட்டுடுவேன்."

"வேணாம் மேடம், போட்டுடாதீங்க. ரெண்டு தடவை அடுத்த பேட்ச்ல பாக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இந்தத் தடவைதான் பரீட்சை வரைக்கும் விட்டிருக்காங்க."

"அப்ப அந்த ராஜனை முன்னால வரச் சொல்லுங்க."

"அவரால வர முடியாது."

"சரி, லேப்டாப்பைத் தூக்கி ரூமைச் சுத்திக் காட்டுங்க."

புஷ்பவல்லி எழுந்து மெல்லச் சுற்றிக் காட்டினாள். லேப்டாப் வெளிச்சம் பட்ட இடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஒரு நாற்காலி. ஒரு தட்டு. கவிழ்த்து வைத்த ஒரு கோப்பை. சாத்திய கதவு. அதற்கப்பால் ஒரே கறுப்பு.

"எங்க அந்த ஆளு?"

"இதுக்குள்ளதான் மேடம். ஸ்க்ரீன்ல இருக்கிறதைப் படிச்சுச் சொல்ற லேப்டாப் குரல். ராஜன்னு பேரு நான் வெச்சது."

"விளையாடாதீங்க அக்கா! அந்த மூலையில யாரு நின்னாலும் தெரியாது. லைட்டைப் போடுங்கன்னு சொல்லி அரை மணி நேரமாச்சு!"

"நீங்க சொன்னதுமே போட்டுட்டேனே மேடம்."

"போட்டீங்களா? இங்க கும்மிருட்டா இருக்கு!"

புஷ்பவல்லி லேப்டாப்பை மேசையில் வைத்துவிட்டு நடந்தாள். பிறகு எங்கோ சுவிட்சு ஒருமுறை டிக்கென்றது. இன்னொரு முறையும். கட்டம் கறுப்பாகவே இருந்தது.

"கேள்வியைப் படிச்சுச் சொல்ல ராஜன் இருக்காரு மேடம்" என்றாள் புஷ்பவல்லி மெதுவாக. "பல்பு போச்சுன்னு சொல்லத்தான் வீட்ல யாரும் இல்ல."