சொந்தக் கண்ணால் படிக்கும் கைடு

ஆராய்ச்சி மாணவர் எழுதும் ஒவ்வொரு வரியையும் சொந்தக் கண்ணால் படிக்கும் கைடு இந்தப் பூமியில் இன்று நான் ஒருவன்தான். மற்றவர்கள் தங்கள் முகமும் குரலும் உள்ள கணினி நகலைத் திரையில் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார்கள்.

நஸ்ரீன் அழாத குறையாக வந்தாள். நகரத் தெருக்களைப் புள்ளியும் கோடுமான கிராஃபாக்கி, ஆம்புலன்ஸுக்குச் சீக்கிரமான வழி தேடும் ஆய்வு அவளுடையது. ஒருவழிப் பாதைகளையெல்லாம் இருவழி என்று போட்டிருந்தாள். அவளுடைய கைடு தேவசகாயத்தின் நகல் மூன்று வருஷமும் "பிரமாதம்மா" என்றே சொல்லியிருக்கிறது. வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் தப்பை அவளேதான் கண்டுபிடித்தாள்.

தேவசகாயம் வீட்டுக்கே போய்க் கத்தினேன். "மூணு வருஷம் சார்! ஒரு பக்கமாவது புரட்டினீங்களா? வெட்கமா இல்ல?"

அவர் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "கத்தாதீங்க குமரகுரு. அவளை நீங்களே எடுத்துக்குங்களேன்."

எடுத்துக்கொண்டேன். திருத்திய ஆய்வேடு திங்கட்கிழமை வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். பதினோராம் பக்கத்தில் எனக்குக் கண் சொருகியது.

வியாழக்கிழமை நஸ்ரீன் என் அறைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, "முழுசா படிச்சீங்களா சார்?" என்று கேட்டாள்.

"வரி வரியாப் படிச்சேன்மா" என்றது என் குரல்.

நான் வராந்தாவிலிருந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.