காதை மடக்கும் கார்

"டேய் ஜெரால்டு, இன்னொரு தபா அமுக்குடா. பொண்ணோட அப்பா சரியா பாக்கல!"

ஞானம்மா காருக்கு வெளியே நின்று மகனுக்குக் கட்டளையிட்டாள். டிரைவர் சீட்டில் இருந்த ஜெரால்டு, கதவில் இருந்த பொத்தானை அமுக்கினான்.

'ஸ்ஸ்ஸ்... டக்!'

இரண்டு பக்கக் கண்ணாடிகளும் ஒரே நேரத்தில் உள்பக்கமாக மடங்கிக் காரோடு ஒட்டிக்கொண்டன. இன்னொரு முறை அமுக்கினான். மெல்ல விரிந்தன.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்து அது. ஒரு பக்கம் தண்ணீர் டிரம்கள், மறுபக்கம் வரிசையாகச் சைக்கிள்கள். கண்ணாடிகளை மடக்கியதால்தான் கார் உள்ளே நுழையவே முடிந்தது. பெண் பார்க்க வந்தவர்களை விட்டுவிட்டு, சந்தே காரைச் சுற்றி நின்றது.

"யம்மாடி! ஆடு காத மடக்கற மாரி மடக்குதே!" என்று கன்னத்தில் கை வைத்தாள் எதிர்வீட்டுக் கன்னியம்மா. "உள்ள எவனாவது குந்திக்கினு இழுக்கறானா இன்னா?"

"ஆளு இல்லம்மா, மோட்டாரு. ஜப்பான் சாமான்!" என்றாள் ஞானம்மா பெருமையாக. "நம்ம ஊருல இதெல்லாம் யாருக்குச் செய்ய வரும்? குவைத்துல கீற என் பெரியவன் லீவுல வந்தப்ப வாங்கிக் குடுத்தது."

ஜெரால்டுக்குக் கூச்சமாக இருந்தது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் எலக்ட்ரீஷியன் அவன். வயது முப்பத்தொன்று. இதுவரை பார்த்த நாலு பெண்களையும் அம்மா ஒவ்வொரு குறை சொல்லித் தள்ளிவிட்டாள். அப்போதெல்லாம் அவன் வாயைத் திறந்ததில்லை. ஆனால் இந்த வீட்டுப் பெண் சுகிர்தாவைப் போன கிறிஸ்துமஸ் அன்றே சர்ச்சில் பார்த்திருந்தான். இந்த இடமும் தட்டிப்போனால் இன்னொரு வாசல் ஏற அவனுக்கு மனசு இல்லை. அதை அம்மாவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

"பொண்ணு எங்க?" என்றாள் ஞானம்மா.

"இப்பதாங்க ஷிப்டு முடிச்சி வந்துச்சி. மூஞ்சி கழுவிக்கினு கீது," என்றார் பெண்ணின் அப்பா.

"இன்னா வேலை?"

"கம்பெனி வேலைதாங்க. இந்தச் சந்துல எல்லாப் பொண்ணுங்களும் போறதுதான்."

பேசிக்கொண்டிருக்கும்போதே டீ தட்டோடு சுகிர்தா வாசலுக்கு வந்தாள். கூட்டத்தில் ஒரு பையன் கெஞ்ச, ஜெரால்டு மறுபடி பொத்தானை அமுக்கியிருந்தான்.

'ஸ்ஸ்ஸ்... டக்!'

சுகிர்தா அப்படியே நின்றுவிட்டாள். தட்டைப் பக்கத்து டிரம் மேல் வைத்தாள். ஞானம்மாவுக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் அவளைத் தாண்டி வந்து, கண்ணாடி முன்னால் நின்றாள்.

"இன்னொரு தபா போடுங்க."

அமுக்கினான். விரிந்தது.

"இன்னொரு தபா."

இந்த முறை அவள் குனிந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அந்தப் பக்கம் சுற்றிப் போனாள். அங்கேயும் அதே மாதிரி. ஜெரால்டு எண்ணிக்கொண்டே வந்தான். ஒன்பது முறை ஆகிவிட்டது. ஒரு முறைகூட அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏய் சுகி, மாப்ள உள்ள கீறாரு. நீ இன்னா கண்ணாடியக் கட்டிக்கப் போறியா?" என்றாள் கன்னியம்மா. சந்து முழுக்கச் சிரித்தது.

ஞானம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னலுக்குள் தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினாள். "பாத்தியா? வந்த பெரியவள மதிக்கல, உன்னியும் பாக்கல. காரப் பாத்தே வாயப் பொளக்குது. இது நாளைக்கு ஊட்டையே எழுதிக் குடுன்னு கேக்கும். நமக்கு வேணாம். வண்டிய எடு."

ஜெரால்டின் கை சாவியைத் தொட்டது. நாலு முறையும் இப்படித்தான் எடுத்தான்.

சுகிர்தா திரும்பி அவன் பக்கம் வந்திருந்தாள். விரிந்திருந்த கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அவன் கை நின்றது. ஆசைப்படுகிற முகம் இல்லை அது. பிறந்த குழந்தையை முதன்முதலாகக் கையில் வாங்குகிறவர்களிடம்தான் அப்படி ஒரு முகத்தைப் பார்த்திருக்கிறான். கண்கள் தளும்பி நின்றன.

"வண்டிய எடுன்னேன்!"

"ஒரு நிமிசம் இரும்மா," என்றான் ஜெரால்டு. அம்மா திகைத்துப்போனாள். அவனுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. ஜன்னல் வழியாகக் கேட்டான்: "ஏங்க அழுவுறீங்க?"

அப்போதுதான் சுற்றிலும் ஆட்கள் இருப்பது சுகிர்தாவுக்கு உறைத்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிக்கங்க அத்தை, உங்களக் கவனிக்கல. இந்த மோட்டாரு எங்க கம்பெனில செய்யறதுங்க. ஒரு நாளைக்கு நானூறு வரும். ஒவ்வொண்ணையும் ஓட வெச்சி, காதுல கேட்டு, சத்தம் சரியா கீதுன்னா ஓகே போடறது நான்தான். மூணு வருசமா இந்தச் சத்தத்ததான் கேக்கறேன். இது ஒரு கண்ணாடிய மடக்கறத இன்னிக்குத்தான் பாக்கறேன்."

ஞானம்மா கண்ணாடியையும் அந்தப் பெண்ணின் காதையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கார்க் கதவைத் தானே திறந்தாள்.

"நீ எறங்குடா. எம்மருமவ உக்காந்து அமுக்கட்டும்."