அந்த ஹெட்போனுக்கு இவ்வளவு விலையா?

“எதுக்குடீ இந்தக் கண்றாவி?”

ஃபோர்மேன் கையில் ஒரு ரசீது படபடத்தது. அலமாரியில் கரண்ட் பில்லைத் தேடப் போனவருக்கு மகள் வாங்கியிருந்த ஹெட்போனின் ரசீது சிக்கியிருந்தது. விலையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு சைபர்கூடக் குறையவில்லை.

சமையலறையிலிருந்து பதில் வரவில்லை.

“உன்னைத்தான் கேக்கறேன்.”

அதற்கும் இல்லை.

தகரப் பட்டறையில் எட்டு மெஷினும் ஒன்றாக இடித்துக்கொண்டிருக்கும்போது இவர் ஒரு அதட்டல் போட்டால் கடைசி மெஷின்காரன் கையை எடுத்துவிடுவான். அந்தக் குரல் சொந்த வீட்டுச் சமையலறை வரைக்கும் போகவில்லையா? விறுவிறுவென்று உள்ளே போனார்.

மனைவி தன் பாட்டுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையில் அந்தக் கறுப்பு ஹெட்போன்.

வெடுக்கென்று பிடுங்கினார். கத்தி நழுவித் தரையில் விழுந்தது.

“மகாராணி பாட்டு கேட்டுக்கிட்டுதான் சமைப்பீங்களோ?”

தன் காதில் வைத்துப் பார்த்தார். பாட்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

“பாட்டே ஓடலை. ஓட்டைச் சாமானைத் தலையில மாட்டிக்கிட்டு என்ன வேஷம் இது?”

“இல்லங்க, அவதான்...”

“வாயைத் திறக்காதே.”

மகளுக்கு போன் போட்டார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. சேர்ந்து எட்டு மாதம்.

“விலை தெரிஞ்சுதான் வாங்கினியா?”

“தெரிஞ்சுதான்ப்பா.”

“என்னோட ஒன்றரை மாசச் சம்பளம். பிளாட்பாரத்துல இதே சாமான் பத்துல ஒரு பங்கு விலைக்குக் கொட்டிக் கிடக்கு.”

“அதையும் மாட்டிப் பார்த்தேன்ப்பா. பத்தலை.”

“எதுக்குப் பத்தலை?”

“ரத்தம் எடுக்க ஆள் காத்துக்கிட்டிருக்காங்கப்பா” என்று வைத்துவிட்டாள்.

நாலு காசு பார்த்ததும் வந்த திமிர் என்று முடிவு கட்டினார். ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று ரசீதில் போட்டிருந்தது. இன்று ஐந்தாவது நாள். அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து, ஹெட்போனை அதற்குள் திணித்துக்கொண்டு கிளம்பினார்.

கடை பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நரைத்த மீசைக்காரர் ஒருவர் நின்றிருந்தார். பெட்டியை அவர் முன்னால் டொம்மென்று வைத்தார்.

“சின்னப் பொண்ணு ஏமாந்தா, தலையில எதை வேணா கட்டிடுவீங்களா? இதுல பாட்டே வரலை.”

விற்பனையாளர் ரசீதைப் பார்த்தார். பிறகு ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டு, ஓரத்தில் இருந்த பொத்தானை அமுக்கினார்.

“ஏதாவது பேசுங்க சார்.”

“என்னத்தைப் பேசறது? ஊரை அடிச்சு உலையில போடறீங்க. கேக்க ஆள் இல்லைன்னு நினைப்பு. இதோ நான் வந்திருக்கேன்ல? மரியாதையா பணத்தை எடுத்து வை.”

டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை அம்மா புடவைக்குள் ஒளிந்துகொண்டது.

விற்பனையாளர் ஹெட்போனைக் கழற்றினார்.

“நல்லா வேலை செய்யுது சார். இது வெளிச் சத்தத்தைக் குறைக்கிற சாமான். பாட்டு போடாமலும் சும்மா மாட்டிக்கலாம். அந்த வித்தைக்குத்தான் இந்த விலை.”

“சும்மா மாட்டிக்கிறதுக்கு எந்தப் பைத்தியக்காரன் இவ்வளவு கொட்டிக் கொடுப்பான்?”

“உங்க பொண்ணு கொடுத்தாங்களே சார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. மத்தவங்க எல்லாம் பிடிச்ச பாட்டைப் போட்டுப் பார்ப்பாங்க. இவங்க பாட்டே போடலை. ஒவ்வொண்ணா மாட்டிக்கிட்டு, என்னைப் பக்கத்துல நின்னு கத்தச் சொன்னாங்க.”

“என்னது?”

“கோபமா கத்தணுமாம். எனக்குக் கூச்சமா இருந்துச்சு. மெதுவாக் கத்தினேன். ‘பத்தலை அங்கிள், எங்கப்பா இன்னும் சத்தமா கத்துவாரு’ன்னாங்க. மேனேஜரையும் கூப்பிட்டுக் கத்த வெச்சோம். விளையாடறாங்கன்னு நினைச்சுச் சிரிச்சுட்டோம் சார். இப்ப நீங்க உள்ளே வந்து பேசினதும்தான் எனக்கு விளங்குச்சு.”

ஃபோர்மேன் கண்ணாடி மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் அவருடைய முகம் தெரிந்தது. பகல் முழுக்க வேலையில் இருக்கிற மகளுக்கு இது எதற்கு? வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தது யார்?

விற்பனையாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நான் ஒண்ணு மறைக்காம சொன்னேன் சார். ‘எவ்வளவு விலை கொடுத்தாலும் மனுஷக் குரல் முழுசா நிக்காதும்மா, பாதிதான் குறையும்’னேன். ‘பாதி குறைஞ்சாப் போதும் அங்கிள், எங்கம்மா இருபத்தாறு வருஷமா முழுசாக் கேட்டுட்டாங்க’ன்னு சொல்லிட்டு, உடனே பணத்தைக் கட்டிட்டாங்க.”

ஃபோர்மேன் என்னவோ சொன்னார்.

“என்ன சார்? காதுல விழலையே” என்று விற்பனையாளர் மேஜை மேல் குனிந்தார்.

“பெட்டியைக் குடுங்கன்னேன். வீட்டுல வேணும்.”