புங்கமரத்துக்கு இடப்பக்கம்

மேகம் இல்லை. காற்று மேற்கிலிருந்து வந்தது. இரண்டும் அவனுக்கு வேண்டியபடியே இருந்தன.

கிறிஸ்டோபர் பைக்கை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு, விரலை எச்சில் தொட்டு உயர்த்தி இன்னொரு முறை பார்த்தான். மேற்குக் காற்றுதான். நாற்றம் அக்கரைக்குப் போய்விடும்.

ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லை. சூரியன் எங்கே உதிக்கும் என்று ஃபோனில் பார்த்து, விடியலில் தனியாக வந்து நின்று, இடத்தை முடிவு செய்திருந்தான். புங்கமரத்துக்கு இடப்பக்கம், உடைந்த சிமெண்ட் பெஞ்சுக்கு அருகே. அங்கே நின்றால் சாக்கடை வந்து விழும் இடம் மரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். எதிர்வெயிலில் தண்ணீர் மேல் மிதக்கும் சாக்கடை நுரை பனிமூட்டம் போலத் தெரியும். வெயில் கொஞ்சம் ஏறியதும் மறுபடி நுரையாகிவிடும்.

போன வருடமும் அங்கே நின்றுதான் படம் எடுத்தான். பில்டர் தன் ஏரிக்கரை ஃப்ளாட் விளம்பரத்துக்கு ஏரியும் விடியலும் வேண்டும் என்றார். கொடுத்தான். வேலை, அவ்வளவுதான். அந்தப் படம் ஓசூர் ரோட்டில் பஸ் நீளத்துக்கு போர்டாக நின்றது.

பொம்மசந்திராவுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும் அவன் மனைவி பெர்னதெத், போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்தாள்.

எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை அவள். தக்காளியைக்கூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத்தான் கூடையில் போடுவாள். ஜீவனஹள்ளியில் மாறிய வாடகை வீடு ஒவ்வொன்றிலும் குழாயைத் திறந்து பார்த்த பிறகே மற்ற பேச்சு. இந்த ஃப்ளாட்டுக்கு மட்டும் பி.எஃப். பணத்தை எடுத்து முன்பணம் கட்டிவிட்டு வந்து அவனிடம் சொன்னாள்.

"நீங்க எடுத்த படம்தானே. அப்புறம் என்ன பாக்கறது?"

அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து. அப்புறம் மழை நிற்கட்டும் என்று.

இன்று காலை பதினோரு மணிக்குப் பத்திரப் பதிவு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஏரியை ஒரு தடவை காட்டச் சொல்லி அவள்தான் கேட்டாள். விடியலில் போகலாம் என்றான், கொஞ்சம் அவசரமாகவே.

கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். இன்று சரியான இடத்தில் நிறுத்த வேண்டியது அவளை.

பெர்னதெத் வண்டியிலிருந்து இறங்கினாள். கையில் நீலகிரித் தைலம் தெளித்த கைக்குட்டை. வழியெல்லாம் அதை மூக்கில் வைத்திருந்தாள். சளி போலிருக்கிறது, பாவம், இந்தக் குளிரில் இழுத்து வந்துவிட்டோம் என்று நினைத்தான்.

தோளைத் தொட்டு அழைத்துப்போய் பெஞ்சருகே நிறுத்தினான். இன்னும் ஓரடி இந்தப் பக்கம். சரி.

சூரியன் வந்தது. நுரை பொன்னாகி, புகைந்து, தண்ணீர் மேல் மிதந்தது. எங்கிருந்தோ ஒரு கொக்குகூட வந்து நின்றது. இத்தனை வருடத்தில் அவன் கேமராவுக்கு இப்படி அமைந்ததில்லை.

அவன் ஏரியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியே அந்த உடைந்த பெஞ்சில் சரிந்து தூங்கிவிடலாம் போலிருந்தது.

தக்காளியைத் திருப்பிப் பார்க்கிறவள், மரத்தின் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவன் நிறுத்திய இடத்திலேயே நின்றாள். நெடுநேரம் நின்றாள்.

"அழகாத்தான் இருக்குங்க. நான்தான் மூணு வாட்டியும் சாயங்காலமா வந்துட்டேன்."

சொல்லிவிட்டுக் கைக்குட்டையை அவனிடம் நீட்டினாள்.

காற்று திரும்பியிருந்தது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.