மினுங்காத கறுப்பு

வெளிநாட்டு ஊரான வெக்ஸ்போர்ட்டில், வீட்டுக்காரர் கனகசிங்கத்தின் கராஜுக்குள் பின்னேர வெயில் சாய்வாக விழுகிறது. டர்பன்டைன் மணம் மூக்கை அரிக்கிறது. “ஒரு பழைய சாமான் இருக்கு தம்பி. நீர் பெயின்ற் அடிக்கிற ஆள்தானே, எந்தப் பூச்சு நல்லம் எண்டு வந்து சொல்லும்” என்றுதான், பேஸ்மென்ற்றுக்குப் புதிதாகக் குடிவந்த நவரட்ணத்தை அவர் கூப்பிட்டிருந்தார். கதிரையோ மேசையோ என்று நினைத்து, நிறங்கள் ஒட்டிய அட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்திருக்கிறான். அவர் போர்வையை இழுக்கிறார். துவக்கு. துருவேறிய அதன் குழல்வாய் நேரே அவனைப் பார்த்தபடி கிடக்கிறது. “மான் வேட்டைக்கு, தம்பி. மினுங்கினா மான் கண்டிடும்” என்று அவர் சிரிப்பது எங்கோ தொலைவில் கேட்கிறது. நவரட்ணத்தின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போகிறது. யாழ்ப்பாணத்தில் சோதனைச்சாவடி ஆமிக்காரனிடம் அடையாள அட்டையை நீட்டிய அதே பணிவோடு, நிற அட்டையை எடுத்து நீட்டுகிறது. அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடிக்கிறார். “உதில மினுங்காத கறுப்பு எது தம்பி?” நவரட்ணம் தலை நிமிரவில்லை. ‘போ’ என்று அவர் சொல்வதற்காகக் காத்து நிற்கிறான்.