அன்புக்கு அளவு

துக்கத்துக்கு உடுத்தும் சிவப்பும் கறுப்புமான துணியை மேசைமேல் விரித்தாள் எகுவா, கானா நாட்டின் கேப் கோஸ்ட் ஊர்ச் சபையின் பெண்கள் சங்கத் தலைவி. சங்கத்து உறுப்பினர் அராபாவின் அடக்கத்தில் எல்லாரும் ஒரே துணியில் போய் நிற்க வேண்டும். பக்கத்துச் சபைக்காரிகளுக்கு வயிறு எரிய வேண்டும்.

"ஆஸ்பத்திரியில கெடந்தப்ப யாராவது போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் தையற்காரி.

"பாக்காத குறையத்தான் இப்ப தீக்குறோம். பேண்டு வாத்தியம்கூட சொல்லியாச்சு. அஜோவா, அழும்போது நீ முன்னால நில்லு, உனக்குத்தான் சத்தம் நல்லா வரும்."

வரிசையில் வந்த சங்கத்துப் பெண்களுக்குத் தையற்காரி அளவெடுத்தாள், வெட்டினாள். கடைசியாக உள்ளே வந்தவளை எகுவா தலை நிமிராமல் அழைத்தாள்.

"வா சிஸ்டர், கையத் தூக்கு."

"எனக்குமா தைக்கிறீங்க?"

"பின்ன? நம்ம அராபாவுக்காக இதுகூட செய்யமாட்டியா?"

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தாள். எலும்பும் தோலுமாக அராபாவே நின்றிருந்தாள்.

"நான் செத்துட்டேன்னு யாரு சொன்னா?"

அஜோவா முனகினாள். "அண்ணி பிரசவத்துக்குப் போனப்ப உன் வார்டை எட்டிப் பாத்தேன். கட்டில் காலியா இருந்துச்சு."

"வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

எகுவா துணியைப் பார்த்தாள். பாதிக்குமேல் வெட்டியாயிற்று. அராபாவின் கையை அன்போடு பற்றிக்கொண்டு, கொஞ்சம் நம்பிக்கையோடு கேட்டாள்:

"முழுசா குணமாயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரா?"