ஷிப்டு மாறும் சங்கு

நஞ்சப்பன் நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். நினைவு கலங்கிய பிறகு வீடே அவருக்கு மில்லாகிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தபடி, வேளை வந்ததும் இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, ஷிப்டு மாறும் சங்கை ஊதுவார். தெருவே திரும்பிப் பார்க்கும். மகள் கனகமணி மட்டும் வேலையை நிறுத்தமாட்டாள். அவளை மாற்றிவிட யாரும் வந்ததில்லை.

ஒருநாள் அவர் காலைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து சொன்னாள்: "மேஸ்திரிங்க, எனக்கு லீவு வேணுமுங்க."

அவர் முகம் இறுகியது. "பதிலிக்கு ஆள் இருக்குதா அம்மிணி? மிசினை அப்படியே போட்டுட்டுப் போகக் கூடாது."

"இருக்குதுங்க."

அன்றே தம்பிக்குப் போன் போட்டாள். கெஞ்சவில்லை, அழவில்லை. "சனிக்கிழமை வந்துரு. மேஸ்திரி உத்தரவு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மோகன்ராஜ் பையோடு வந்து கட்டிலருகே நின்றான். "அப்பா, நான் மோகனுங்க."

"பேரெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம்" என்றார் நஞ்சப்பன். "இந்தப் புள்ளை எத்தனை நாளா ஒத்தையா ரெண்டு ஷிப்டும் பாக்குதுன்னு தெரியுமா? போ, கையைக் கழுவிட்டு வந்து நில்லு."

அவன் கை கழுவப் போனான். கனகமணி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் சங்கு ஊதியது. அவள் தெருமுனை திரும்பும்வரை, மூச்சு வாங்கி வாங்கி, அவர் நிறுத்தவேயில்லை.